காதல், கொலை, ஜெபம்: ஒரு நாவல் வகையின் கதை

ஸ்காபரோவில் நான் போகும் நூலகத்தில் கதவோரமாக ஒரு சுழல் தட்டு நிற்கிறது. கைக்குள் அடங்கும் மெல்லிய நாவல்கள் அதில் நிறைந்திருக்கும். அட்டையைப் பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும்: பனி மூடிய காடு, ஓடும் ஒரு பெண், பக்கத்தில் பதட்டமான முகத்தோடு ஒருவன், பல தடவை ஒரு பொலிஸ் நாயும். உள்ளே மூன்று விசயங்கள் கட்டாயம் இருக்கும். யாரோ அவளைக் கொல்லத் துரத்துவார்கள். காப்பாற்ற வந்தவன் மேல் அவளுக்குக் காதல் வரும். இடையில் எங்கேயாவது, பெரும்பாலும் காருக்குள்ளோ ஆஸ்பத்திரி நடைபாதையிலோ, இரண்டு பேரில் ஒருவர் கடவுளோடு கதைப்பார். கொலைகாரன் பிடிபடுவான், கல்யாணம் நிச்சயமாகும். படுக்கையறைக் கதவு மட்டும் கடைசிப் பக்கம்வரை திறக்காது.

ஆங்கிலத்தில் இதற்கு ‘இன்ஸ்பிரேஷனல் ரொமான்டிக் சஸ்பென்ஸ்’ என்று நீளமான பெயர். தமிழில் பக்திக் காதல் மர்ம நாவல் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று கறியை ஒரே சட்டியில் போட்டது போல இருக்கிறது, இல்லையா? இதையெல்லாம் வாசிக்கிறேன் என்று சொன்னால் இலக்கியம் படித்த நண்பர்கள் ஒரு மாதிரிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இந்த மூன்றும் ஒரு சட்டிக்குள் வந்து சேர்ந்ததற்குப் பின்னால் 280 வருசத்துக்கு மேற்பட்ட கதை இருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு, முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு, அந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும் என்று நினைப்பதால் எழுதுகிறேன்.

என் அம்மாவின் தணிக்கை முறை எளிமையானது. நான் நூலகத்திலிருந்து கொண்டுவரும் புத்தகத்தை நடுவில் விரிப்பார். அவருக்கு ஆங்கிலம் வேகமாக ஓடாது, ஆனால் எந்தச் சொற்களைத் தேட வேண்டும் என்று நன்றாகத் தெரியும். இரண்டு இடத்தில் விரித்துப் பார்த்து ஒன்றும் அகப்படாவிட்டால் புத்தகம் தேறிவிடும். இந்த வகை நாவல்கள் ஒருநாளும் தோற்றதில்லை. (அவர் அலுமாரியில் இருந்த ரமணிசந்திரன் நாவல்களை யாரும் சோதிக்கவில்லை என்பது வேறு விசயம்.) அப்போது எனக்கு அது வசதியாக இருந்தது. வளர்ந்த பிறகுதான் கேள்வி வந்தது: எந்தப் பக்கத்தை விரித்தாலும் தேறும்படி ஒரு நாவலை யார், எதற்காக எழுதத் தொடங்கினார்கள்?

தொடங்கியவர் ஓர் அச்சகக்காரர். 1740இல் லண்டனில் சாமுவேல் ரிச்சர்ட்சன் ‘பமேலா’ என்ற நாவலை வெளியிட்டார். பமேலாவுக்கு 15 வயது, வேலைக்காரி. வீட்டு எஜமான் அவளை அடையப் பார்க்கிறான். முடியாமல் போகவே தூரத்து வீடொன்றில் அடைத்து வைக்கிறான். அவள் ஒளித்து ஒளித்துக் கடிதம் எழுதுகிறாள், எழுதியதை உடுப்புக்குள் வைத்துத் தைத்துக்கொள்கிறாள், கடவுளை வேண்டுகிறாள். அடுத்து என்ன நடக்குமோ என்று வாசகர் பதறுகிறார். நாவல் என்றாலே பிள்ளைகளைக் கெடுக்கும் என்று பெரியவர்கள் சந்தேகப்பட்ட காலம் அது. ஆனால் இந்தப் புத்தகத்தை லண்டனில் ஒரு பாதிரியார் பிரசங்க மேடையிலிருந்தே பரிந்துரைத்தார். காதலும் ஆபத்தும் நிறைந்த ஒரு நாவலுக்குத் தேவாலயத்திலிருந்து அனுமதிச் சீட்டு கிடைத்துவிட்டது.

முடிவை இன்று வாசித்தால் எனக்கு வயிறு எரிகிறது. எஜமான் அவள் எழுதியதை வாசித்து மனம் திருந்துகிறான், பமேலா அவனையே கல்யாணம் செய்கிறாள். அடைத்து வைத்தவனுக்கு மாப்பிள்ளை மாலை! அந்தக் காலத்திலும் எல்லோரும் இதை விழுங்கிவிடவில்லை. அடுத்த வருசமே ஹென்றி ஃபீல்டிங் ‘ஷமேலா’ என்று ஒரு கேலிக்கதை எழுதினார். இந்த மாலையை நினைவில் வைத்திருங்கள், 2021இல் அது திரும்பவும் வரும்.

பேய் மாளிகை வந்தது 1790களில். ஆன் ராட்கிளிஃப் என்பவர் 1794இல் எழுதிய ‘உடோல்போவின் மர்மங்கள்’ நாவலுக்குப் பதிப்பாளர் 500 பவுண் கொடுத்தார். அந்தக் காலத்தில் அது பெரிய பணம். எமிலி என்ற அனாதைப் பெண்ணை, அவள் மாமியைக் கட்டிய மொன்டோனி இத்தாலிய மலைக்கோட்டையொன்றுக்குக் கூட்டிப்போய், சொத்தை எழுதித் தரச்சொல்லி மிரட்டுகிறான். இரவில் சத்தம் கேட்கிறது, கதவுகள் தானாகப் பூட்டிக்கொள்கின்றன. ஒரு கறுப்புத் திரையை விலக்கிப் பார்த்து எமிலி மயங்கி விழுகிறாள். திரைக்குப் பின்னால் இருந்தது என்ன என்று நூற்றுக்கணக்கான பக்கம் தள்ளித்தான் சொல்வார்கள். (மெழுகுப் பொம்மை. மன்னிக்க வேண்டும், 230 வருசப் பழைய இரகசியம்.) ராட்கிளிஃபின் நாவல்களில் பேய் என்று பயந்தது கடைசியில் பேயாக இராது. எமிலியை உண்மையில் வருத்துவது ஒரு மனிதனும், அவனிடம் இருந்த சட்டமும், சொத்து ஆசையும்.

இத்தகைய நாவல்களை ஜேன் ஆஸ்டன் அன்போடு கேலி செய்தார். அவர் இறந்த பிறகு, 1817இன் கடைசியில் வெளிவந்த ‘நோர்தாங்கர் அபி’யில் 17 வயது கத்தரினுக்கு அவள் தோழி இசபெல்லா ஏழு பயங்கர நாவல்களின் பட்டியலைக் கொடுக்கிறாள். தோழிக்குத் தோழி நாவல் பரிந்துரைப்பது இன்று நேற்று வந்ததா என்ன? அந்த ஏழும் ஆஸ்டனின் கற்பனை என்றே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 20ஆம் நூற்றாண்டில்தான், ஏழும் உண்மையில் அச்சாகிய நாவல்கள் என்று தேடிக் கண்டுபிடித்தார்கள்.

கத்தரின் நாவல் வாசித்த சூட்டில், விருந்தாளியாகப் போன வீட்டுத் தலைவர் ஜெனரல் டில்னி தன் மனைவியைக் கொன்றிருப்பார் என்று சந்தேகப்படுகிறாள். பிழையான சந்தேகம், வெட்கத்தில் குறுகிப் போகிறாள். வகுப்பில் இந்த நாவலைப் படிப்பவர்களுக்கு, அளவுக்கு மீறி நாவல் வாசித்தால் புத்தி கெடும் என்பதுதான் இதன் பாடம் என்று சொல்லிக் கொடுப்பதுண்டு. மிச்சத்தையும் வாசியுங்கள். அவள் பணக்காரி இல்லை என்று தெரிந்ததும் அதே ஜெனரல் அவளைத் துணைக்கு ஆளில்லாமல் ஒரு நாள் முழுக்கப் போகும் பயணத்துக்கு வண்டியேற்றி அனுப்பிவிடுகிறார். அவர் கொலைகாரர் இல்லை. ஆனால் இந்த மனிதரில் ஏதோ சரியில்லை என்று அவள் மனம் சொன்னது முழுப் பொய்யா?

எனக்கு இந்த வகை நாவல்கள் ஏன் பிடிக்கும் என்பதற்குப் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. இவற்றில் யாராவது ஒருவர் நாயகியிடம், ‘சும்மா மனப்பிரமை, பேசாமல் இரு’ என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் மாமாவாக இருக்கலாம், முதலாளியாக இருக்கலாம், அவளைக் காதலிப்பவனாகவும் இருக்கலாம். பக்கம் புரளப் புரள அவள் பயந்தது சரி என்று தெரியவரும். நம் குடும்பங்களில் பெண் பிள்ளைகள் இந்த வசனத்தைக் கேட்காமலா வளர்கிறார்கள்? ‘அவர் அப்படிப்பட்டவர் இல்லை, பெரியவரைப் பற்றி அப்படிக் கதைக்காதே.’ கொண்டாட்ட வீட்டில் ஓர் ‘அங்கிள்’ பக்கத்தில் வந்து இருந்தால் எழும்பிப் போக வேண்டும் என்று உடம்பு சொல்லும், மரியாதை போகாதே என்று சொல்லும். எழும்பிப் போகும் பெண்களை நான் முதலில் சந்தித்தது இந்த நாவல்களில்தான்.

1847இல் வந்த ‘ஜேன் அயர்’தான் மூன்றையும் ஒழுங்காகச் சேர்த்தது என்பது என் எண்ணம். சார்லட் புரோன்டே அதை ஆண் பெயர் போலத் தோன்றும் ‘கரர் பெல்’ என்ற புனைபெயரில் வெளியிட்டார். ஜேன் வேலைக்குப் போன வீட்டில் இரவில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்கிறது. எஜமான் ரொச்செஸ்டரின் கட்டில் தீப்பிடிக்கிறது. கல்யாணத்துக்கு முன் யாரோ அறைக்குள் வந்து அவளுடைய முக்காட்டைக் கிழிக்கிறார்கள். பாதி கனவு என்று ரொச்செஸ்டர் சமாதானம் சொல்கிறார். கனவே இல்லை. மேல்மாடியில் அவருடைய முதல் மனைவி பூட்டப்பட்டிருக்கிறாள். உண்மை தெரிந்ததும், அவரை உயிராக நேசித்தபடியே ஜேன் விடியற்காலையில் 20 ஷில்லிங்கோடு வீட்டை விட்டு வெளியேறுகிறாள். போகச் சொல்வது அவளுடைய மனச்சாட்சியும் கடவுள் நம்பிக்கையும்.

அதோடு முடியவில்லை. பிறகு செயின்ட் ஜோன் என்ற பாதிரியார் வருகிறார். தன்னைக் கட்டிக்கொண்டு இந்தியாவுக்கு மதப்பணிக்கு வா, இது கடவுளின் விருப்பம் என்கிறார். வரத் தயார், ஆனால் மனைவியாக இல்லை என்கிறாள் ஜேன். ஒருவன் காதலின் பெயரால் கேட்டான், மற்றவன் கடவுளின் பெயரால் கேட்டான். இரண்டு பேருக்கும் மறுப்புச் சொல்ல அவளால் முடிந்தது. பக்திக் காதல் மர்மம் என்ற பெயரில் பிறகு வந்த எத்தனையோ நாவல்களில் இந்த இரண்டாவது மறுப்பைக் காணக் கிடைக்காது.

இனி அமெரிக்காவுக்குப் போவோம். அங்கே இரண்டு பெண்கள், இரண்டு பேருக்கும் பணக் கஷ்டம். கிரேஸ் லிவிங்ஸ்டன் ஹில் ஒரு போதகரின் மகள். 1899இல் கணவர் இறந்ததும் இரண்டு மகள்களை வளர்ப்பதற்காக எழுதினார், எழுதினார், நூற்றுக்கு மேல் புத்தகம் எழுதினார். அவருடைய கதைகளில் நல்ல பெண் ஆபத்தில் மாட்டுவாள், நம்பிக்கை கைவிடாது. மற்றவர் மேரி ரொபர்ட்ஸ் ரைன்ஹார்ட், தாதியாகப் பயிற்சி பெற்றவர். 1903இல் பங்குச் சந்தை விழுந்து குடும்பத்தின் சேமிப்பு போனபிறகு எழுத வந்தார். 1908இல் அவர் எழுதிய ‘சுழல் படிக்கட்டு’ மர்மக்கதை வாசகர்களைக் கட்டிப் போட்டது. ஒருவர் பக்தியும் காதலும், மற்றவர் மர்மமும் காதலும். இரண்டு ஓடையும் சேர இன்னும் பல பத்தாண்டு ஆனது.

ஏறத்தாழ அதே காலத்தில் சென்னையில் வை. மு. கோதைநாயகி அம்மாள் இருந்தார். சின்ன வயதிலேயே கல்யாணம், பள்ளிக்கூடம் போனதில்லை. முதலில் கதையை வாயால் சொல்ல ஒரு தோழி எழுதினார். 1925இல் ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை எடுத்து நடத்தி, 115 நாவல்கள் எழுதினார். குடும்பம், காதல், துப்பறிதல், சீர்திருத்தப் போதனை எல்லாம் கலந்த நாவல்கள். ஹில் அம்மையாரை அவர் வாசித்தாரா என்பதல்ல என் அக்கறை. பெண்களை நாவல் வாசிக்க விடாத வீடுகளுக்குள் நுழைய, போதனையைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டும் என்பது இரண்டு கண்டத்திலும் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1950, 60களில் மேரி ஸ்டுவர்ட், விக்டோரியா ஹோல்ட் போன்றவர்கள் காதல் மர்மத்தைப் பெரிய வியாபாரமாக்கினார்கள். இருண்ட மாளிகை, அதில் ஒரே ஒரு யன்னலில் வெளிச்சம், முன்னால் ஓடும் பெண் என்று அட்டைப்படம் ஒரு முத்திரையாகவே ஆகிவிட்டது. நான் சொன்ன பனிக்காட்டுப் பெண் அவளுடைய பேத்திதான்.

பக்தி திரும்பவும் வந்து சேர்ந்ததில் கனடாவுக்குப் பெரிய பங்கு. அல்பர்ட்டாவில் பிறந்த ஜெனெட் ஓக் 1979இல் ‘லவ் கம்ஸ் சொஃப்ட்லி’ எழுதினார். மேற்கே குடியேறப் போன வழியில் கணவனை இழந்த கர்ப்பிணிப் பெண், தாயில்லாத குழந்தையோடு நிற்கும் ஒருவன், வசதிக்காக ஒரு கல்யாணம். மர்மம் கிடையாது. ஆனால் அது விற்ற விற்பனையைப் பார்த்துக் கிறிஸ்தவப் பதிப்பகங்கள் விழித்துக்கொண்டன. 1949இல் வினிப்பெக்கில் தொடங்கி, பிறகு ரொறன்ரோவுக்கு வந்த ஹார்லிக்குவின் நிறுவனமும் விழித்துக்கொண்டது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் நம் அம்மாமார் ஒளித்து வாசித்த மில்ஸ் அன்ட் பூன் நாவல்களை 1971இல் வாங்கியதும் இந்த நிறுவனம்தான். 1997இல் அது ‘லவ் இன்ஸ்பயர்ட்’ என்ற பக்திக் காதல் வரிசையைத் தொடங்கியது. 2005இல் அதன் சஸ்பென்ஸ் வரிசை வந்தது. ஏறத்தாழ 55,000 சொல், கெட்ட வார்த்தை கூடாது, படுக்கையறை கூடாது. என் அம்மா சோதிக்கும் முன்பே பதிப்பாசிரியர்கள் சோதித்துவிட்டார்கள்.

இந்தச் சோதனை எதைப் பிடிக்கும், எதைத் தவறவிடும்? கத்தரின் மார்ஷல் 1967இல் எழுதிய ‘கிறிஸ்டி’யைப் பாருங்கள். தன் தாயின் இளமைக் காலத்தை வைத்து எழுதியது. கிறிஸ்தவ நாவல்களுக்கான விருதுக்கே இதன் பெயரை வைத்திருக்கிறார்கள், அவ்வளவு மதிப்பு. 1912இல் மலைக் கிராமமொன்றுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போகும் 19 வயதுப் பெண்ணின் கதை. நடுவில் விரித்தால் நிச்சயம் தேறும். ஆனால் அதில் மிஸ் அலிஸ் என்ற மூத்தவர், தன் இளவயதில் குடும்பம் நம்பிய ஒரு மதப் பெரியவர் தனக்குச் செய்த கொடுமையை வாய் திறந்து சொல்லும் இடம் இருக்கிறது. அருவருப்பான ஒரு சொல் கிடையாது. ‘சுத்தமான’ புத்தகம் என்றால் பொல்லாத விசயத்தை மறைக்கும் புத்தகம் என்று நினைப்பவர்கள் அந்தப் பக்கங்களை வாசிக்க வேண்டும்.

இப்போது பமேலாவின் மாலைக்கு வருகிறேன். 2021இல் அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கம், பக்திக் காதல் நாவலுக்கான தன் விருதை காரன் விட்மயரின் ‘அட் லவ்ஸ் கமாண்ட்’ நாவலுக்குக் கொடுத்தது. கதை 1890 டிசம்பர் 29இல், வூண்டட் நீயில் தொடங்குகிறது. அமெரிக்கப் படை லக்கோட்டா மக்களை, பெண்கள் பிள்ளைகள் உட்பட, சுட்டுக் கொன்ற இடம் அது. அந்தப் படையில் நின்ற அதிகாரிதான் நாயகன். நடந்ததைப் பார்த்து மனம் உடைந்து, படையை விட்டு விலகி, நல்ல காரியங்களுக்காக வாழ்கிறான், காதலும் கிடைக்கிறது. கொலைக்களத்தில் நின்றவனைக் காதல் நாயகன் ஆக்குவதா என்று பலர் கொதித்தார்கள். சில நாளில் சங்கம் விருதைத் திரும்பப் பெற்றது.

எழுத்தாளர் கொலையை நியாயப்படுத்த எழுதவில்லை, குற்ற உணர்ச்சியைக் காட்டத்தான் எழுதினார் என்று அவர் பக்கம் நின்றவர்கள் சொன்னார்கள். எனக்கு அது போதவில்லை. மனந்திரும்புதல் இந்த நாவல் வகையின் உயிர், சரி. ஆனால் திருந்துபவன் யார், அவன் திருந்துவதற்காகச் செத்தவர்கள் யார்? முள்ளிவாய்க்காலை ஒரு படைவீரனின் காதல் கதைக்கு முதல் அத்தியாயமாக யாராவது எழுதி, அதற்கு விருதும் கொடுத்தால், 2009இல் தொலைக்காட்சிக்கு முன்னால் இரவிரவாக இருந்த நம் வீட்டார் எப்படி வாசிப்பார்கள்? ‘ஜேன் அயர்’ மேலும் இதே கேள்வி விழுகிறது. மாடியில் பூட்டப்பட்டவள் ஜமேக்காவிலிருந்து வந்த பெர்த்தா. அவள் செத்த பிறகுதான் ஜேனுக்குக் கல்யாணம். கரிபியனில் பிறந்த ஜீன் ரைஸ் 1966இல் ‘வைட் சர்காசோ சீ’ எழுதி அவள் கதையைச் சொல்லும்வரை பெர்த்தாவைப் பற்றி அக்கறைப்பட்டவர்கள் குறைவு. இரண்டையும் அடுத்தடுத்து வாசிப்பதுதான் நல்லது.

சைவ வீட்டுப் பிள்ளைகள் இதை வாசிக்கலாமா என்று தமிழ்ப் பள்ளியில் ஒரு தங்கச்சி கேட்டாள். தாராளமாக. ஜெபம் வரும் இடத்தில் அந்தப் பாத்திரம் பயத்தில் யாரை நினைக்கிறாள் என்று பாருங்கள். நல்ல எழுத்தாளர் என்றால் அது உங்கள் அம்மம்மா ‘முருகா’ என்பது போல இயல்பாக வரும். மோசமான எழுத்தாளர் என்றால் கதையை நிறுத்திவிட்டுப் பிரசங்கம் செய்வார். அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போக உங்களுக்கு உரிமை உண்டு.

எங்கே தொடங்குவது? டீ ஹென்டர்சனின் ‘தி நெகோஷியேட்டர்’, 2000இல் வந்தது. ஓ’மாலி என்ற பெயரை எடுத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் சகோதரர் ஆன ஏழு அனாதைகளில் ஒருத்தி கேட். பணயக்கைதிகளை மீட்கப் பேச்சுவார்த்தை நடத்தும் பொலிஸ்காரி. நம்பிக்கை இல்லாதவளாகத்தான் வருகிறாள், அவள் கேட்கும் கேள்விகள் சும்மா கேட்கும் கேள்விகள் இல்லை. ஜெபமே வேண்டாம் என்பவர்களுக்கு மேரி ஸ்டுவர்ட்டின் ‘மேடம், வில் யூ டோக்?’, 1955. பிரான்சின் தெற்குத் தெருக்களில் கார் துரத்தல், அதற்காகவே வாசிக்கலாம். ‘கிறிஸ்டி’யை 15 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் வீட்டில் கதைக்கக்கூடிய ஒருவரோடு சேர்ந்து வாசியுங்கள்.

ரைன்ஹார்ட்டின் ‘சுழல் படிக்கட்டு’ பதிப்புரிமை முடிந்த புத்தகம், இணையத்தில் காசில்லாமல் கிடைக்கும். கதை சொல்பவள் கல்யாணம் கட்டாத நடுவயதுப் பெண், காதலெல்லாம் அவள் வளர்த்த பிள்ளைகளுக்கு. கோடைக்கு வாடகைக்கு எடுத்த வீட்டில் ஏதோ சரியில்லை என்கிறாள், வேலைக்காரர் ஓடிப்போகிறார்கள், அவள் மட்டும் அசைய மறுக்கிறாள். வீட்டில் அம்மம்மா இருந்தால் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்துக் காட்டுங்கள், இரண்டு வாரம் போகும். படிக்கட்டு வரும் அத்தியாயங்களை மட்டும் பகலில் வைத்துக்கொள்ளுங்கள்.